அக்கா பிடித்துக்கொண்ட பாதி வசனம்

அக்கா ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பித்தப்பையில் சீழ் பிடித்திருக்கிறது, நாளைக் காலையில் எடுத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா தலைபாடாக அடித்துக்கொண்டும் பலனில்லை. காரணம் ஒரு வசனம். காலையில் கண்ணை மூடி பைபிளைத் திறந்து விரல் வைத்தாளாம். இந்த யுத்தம் உங்களுடையது அல்ல, சும்மா நில்லுங்கள் என்று வந்ததாம்.

சேதி கேட்டதும், பிரித்துப்போட்ட செல்போனைக் கடையில் அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தான் தம்பி. சபையில் வாலிபர்களுக்கு வேதபாடம் எடுப்பவன். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது என்று எந்த வசனத்தையும் குடைவதால் பையன்கள் அவனுக்கு வைத்த பெயர் சி.ஐ.டி.

"வாய்யா சி.ஐ.டி! நீயே விசாரி. நான் சொன்னா நான் அவிசுவாசியாம்" என்றார் அத்தான். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

அக்காவின் கண்ணெல்லாம் மஞ்சள். கை வலது விலாவை விட்டு நகரவில்லை.

"அக்கா, அது யோசபாத் ராஜாவுக்குச் சொன்னது. மூணு படை சேர்ந்து அவர் மேல வந்துச்சு..."

"ஆரம்பிச்சுட்டியா? கடவுள் எங்கிட்ட பேசினா உனக்கென்னடா?"

அவன் பைபிளில் அந்தப் பக்கத்தைத் திறந்தான். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த அத்தான் துள்ளினார்.

"அடியே, நீ பாதிதான் படிச்சிருக்க! அதே வசனத்துல நாளைக்குப் புறப்பட்டுப் போங்கன்னு இருக்கு பாரு!"

அக்கா தலையைத் தூக்கினாள். "நெசமாவாடா? அப்போ நாளைக்கு ஆபரேஷனுக்குப் போகச் சொல்றாரா?"

தம்பி அத்தானைப் பார்த்தான். ஒரு தலையாட்டல் போதும், அக்கா பிழைத்துவிடுவாள். அத்தான் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் கத்தி வைத்த பிறகு ஏதாவது ஏறுக்குமாறாகிவிட்டால்? கடவுளே ஏமாற்றிவிட்டார் என்றல்லவா நினைப்பாள்?

"இல்லக்கா. போகாதன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. உன் பித்தப்பையப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல."

"நாசமாப் போச்சு" என்று அத்தான் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அக்காவின் முகம் சுருங்கியது. "அப்போ எனக்கு அதுல ஒண்ணுமே இல்லையாடா?"

அவன் பக்கத்தைப் புரட்டி அந்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போனான். "இருக்கு. படை வருதுன்னதும் ராஜாவே பயந்துட்டாரு. என்ன பண்றதுன்னே தெரியல, உம்மையே பாக்குறோம்னு ஜனங்க முன்னாடியே ஜெபம் பண்ணாரு. பயந்தவரக் கடவுள் தள்ளிவிடல."

அக்கா கண்ணை மூடினாள். கண்ணோரம் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

"பயமா இருக்குடா. மயக்கம் குடுத்தா எந்திரிக்கவே மாட்டேனோன்னு."

"எனக்கும்தான்க்கா."

"அந்த டாக்டரம்மாவக் கூப்பிடு. எந்திரிப்பேனா மாட்டேனான்னு அவங்க வாயால கேட்டுட்டு சரின்னு சொல்றேன்."

அவன் வராந்தாவில் ஓடினான். டாக்டரம்மா என்ன சொல்வாரோ என்று அவனுக்கும் தெரியாது.