மாதுளைத் தோலும் மூன்று மூக்குகளும்

எதிர்ச்சாரிப் பழச்சாற்றுக் கடைக்காரருக்கு விஷயம் பிடிபடவே இல்லை. பிஸ்கட் பட்டறையிலிருந்து ஒரு பெண் தினமும் வாளியோடு வந்து, பிழிந்து போட்ட மாதுளையின் தோலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் யாருக்குத்தான் பிடிபடும்?

"ஆடு வளர்க்கிறீங்களாம்மா?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"இல்லைங்க, பிஸ்கட்டுக்கு."

அன்றோடு அவர் அந்தப் பட்டறைப் பிஸ்கட் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்.

வாளிக்காரியை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவின் கணவர் நடத்தும் பட்டறையில் பகலெல்லாம் மாவு நிறுப்பாள். மாலையானால் கையைக் கழுவிவிட்டு உணவுத் தொழில்நுட்ப வகுப்புக்கு ஓடுவாள். எதையும் இரண்டு தரம் நிறுத்துப் பார்க்கிறவள்; மூன்றாம் தரம் தராசையே சந்தேகப்படுகிறவள்.

பட்டறையின் பெயர் சொல்லும் சரக்கு நிலக்கடலை பிஸ்கட். கடலையில் எண்ணெய் அதிகம். எண்ணெயில் காற்றுப் பட்டுப் பட்டுக் கொஞ்ச நாளில் சிக்கு வாடை தட்டிவிடும். அப்படித்தான் பெரிய கடை ஒன்று, "வாடை வருது" என்று ஒரு வண்டிப் பெட்டிகளை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தது. அத்தான் ஒரு பெட்டியைப் பிரித்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்து மூக்கில் ஒட்டாத குறையாக வைத்து மோந்து பார்த்தார்.

"எங்க வருது வாடை? அவங்க கிடங்குல ஏதோ எலி செத்துக் கிடக்கு. பழி நம்ம மேல."

அடுப்புக்காரர் ஆமாம் என்றார். வண்டி ஓட்டுகிறவரும் ஆமாம் என்றார். அத்தான் சொல்லி அவர்கள் இல்லை என்று சொன்ன வரலாறு கிடையாது.

சின்னவளுக்கு மட்டும் வகுப்பில் ஆசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது. சாறு பிழிந்த பிறகு குப்பைக்குப் போகும் தோலில்தான் சத்தே ஒளிந்திருக்கிறது. மாதுளைத் தோலில் இருக்கும் துவர்ப்புச் சரக்கு நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பி. எண்ணெய் மேல் கை வைக்க வரும் ஆக்சிஜனை வாசலிலேயே மறித்து, "முதல்ல என்கிட்ட மோதிப் பாரு" என்று மல்லுக்கு நிற்கும். அது அடி வாங்குகிற வரைக்கும் எண்ணெய்க்கு ஆபத்தில்லை.

இதைச் சொன்னதும் அத்தான் சிரித்த சிரிப்பில் மேசை மேலிருந்த மாவு பறந்தது.

"குப்பையைக் கொண்டாந்து பிஸ்கட்டுல போடணும்னு காசு கட்டிப் படிச்சுட்டு வந்திருக்கா பாரு! சரி தாயே, செஞ்சு பாரு. ஆனா ஒண்ணு. இது தேறலைன்னா தோலும் வேணாம், கிளாஸும் வேணாம். சாயங்காலம் பேக்கிங் மேசைக்கு ஆள் இல்ல. நீ வந்து உக்காந்துக்க."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். கடைசி வரிக்கு வரும்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. அந்த வகுப்பு ஒன்றுதான் நாள் முழுக்கச் சின்னவள் தனக்கென்று செய்துகொள்ளும் காரியம்.

தோலை அலசி, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைச் சவ்வை வழித்தெறிந்து, அடுப்பின் மிச்சச் சூட்டில் காயவைத்தாள். சருகாகக் காய்ந்ததை இடித்து வெந்நீரில் ஊறப்போட்டு, துணியில் வடிகட்டி, அந்தச் சாற்றை அகலத் தட்டில் ஊற்றி மறுபடி காய வைத்தாள். கடைசியில் தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது கொஞ்சம் பழுப்புப் பொடி. ஒரு வாளித் தோலுக்கு இவ்வளவுதானா என்று அவளுக்கே அழுகை வந்தது.

முதல் தடவை பொடியின் அளவு எக்குத்தப்பாகிவிட்டது. அந்தப் பிஸ்கட்டைக் கடித்த அடுப்புக்காரரின் நாக்கு துவர்த்து மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. எப்போதும் வாய் ஓயாத மனிதர் மத்தியானம் வரை ஜாடையிலேயே பேசினார். பட்டறையில் அப்படியொரு அமைதி நிலவியதே இல்லை என்று அத்தான்கூடப் பாராட்டினார்.

பிறகு அளவைக் குறைத்துக் குறைத்து, நாக்குக்குத் தெரியாத இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். பொடி கலந்தது ஒரு டப்பா, கலக்காதது ஒரு டப்பா. எது எது என்று அடியில் மட்டும் எழுதி ஒட்டி, இரண்டையும் அடுப்புக்குப் பக்கத்துச் சூட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வெளியே மாதக்கணக்கில் ஆகிற வேலையைச் சூடு சில வாரத்திலேயே முடித்துவிடும் என்பது வகுப்பில் படித்த வித்தை.

அந்த வாரங்களில் அக்கா பட்டறைப் பக்கமே வரவில்லை. மசக்கை. மாடியறையில் சன்னலோரம் படுத்திருந்தாள். அத்தான் மேலே போனால், "குளிச்சுட்டு வாங்க" என்பாள். குளித்துவிட்டுப் போனால், "சட்டையை மாத்திட்டு வாங்க" என்பாள். மாற்றிவிட்டுப் போனால், "அங்கேயே நின்னு பேசுங்க" என்பாள். பிறக்கப்போவது சுகாதார அதிகாரியாகத்தான் இருக்கும் என்று அத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கெடு முடிந்த அன்று டப்பாக்களை மேசைக்குக் கொண்டுவந்தாள் சின்னவள். தான் முதுகைத் திருப்பிக்கொண்டு, வண்டிக்காரரை விட்டு இடம் மாற்றி வைக்கச் சொன்னாள். இப்போது எது எதுவென்று அவளுக்கும் தெரியாது.

"எது நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அத்தான் இடது டப்பாவைத் திறந்தார். கண்ணை மூடி இழுத்தார். முகம் மலர்ந்தது.

"இதான்! இதான் நம்ம பிஸ்கட்! என்ன மணம்!"

வலது டப்பாவைத் திறந்தார். "இது என்ன, ஒண்ணுமே வரலையே. ஜலதோஷம் பிடிச்ச பிஸ்கட் மாதிரி இருக்கு."

அடுப்புக்காரரும் இடது என்றார். வண்டிக்காரர் இடது டப்பாவிலிருந்து இரண்டு எடுத்துத் தின்றுவிட்டு இடது என்றார். சின்னவள் டப்பாவைத் தூக்கி அடியைப் பார்த்தாள். இடது, பொடி கலக்காதது.

"அவ்வளவுதான் விஞ்ஞானியம்மா," என்றார் அத்தான். பாவமாக இருந்தாலும் குரலில் ஒரு வெற்றி துள்ளியது. "நாளையிலேருந்து பேக்கிங்."

சின்னவள் டப்பாவின் அடியை மறுபடி பார்த்தாள். சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேனோ? அலமாரியில் சூடு போதவில்லையோ? ஒருவேளை படிப்பே எனக்கு ஏறவில்லையோ? தானும் குனிந்து இரண்டையும் மோந்து பார்த்தாள். இடதில் பழகிய கடலை மணம். வலதில் அது கொஞ்சம் குறைவு. அவள் மூக்கும் அத்தான் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டது. அதுதான் அவளை நொறுக்கியது.

அந்நேரம் பார்த்து அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஏங்க, எத்தனை தடவை கூப்பிடுறது? தண்ணி வரலை, மோட்டார் போடுங்கன்னு..." பாதி வாக்கியத்தில் இடது டப்பாவுக்கு எதிரே வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நொடி, கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

அத்தான் பதறிப்போய் ஓடினார்.

"கிட்ட வராதீங்க!" என்று தொட்டிக்குள்ளிருந்தே கத்தினாள் அக்கா. "உங்க மேலயும் அதே நாத்தம்தான்!"

"எந்த நாத்தம்?"

"அந்த டப்பா நாத்தம்! பழைய எண்ணெய் நாத்தம்! ஒரு மாசமாத் தலைபாடா அடிச்சுக்கிறேன், பிஸ்கட்டு கெட்டுப் போயிருக்குன்னு. யாராவது காதுல வாங்கினீங்களா? வாயைத் திறந்தாலே மசக்கை, மசக்கை. ஏண்டி, நீயும்தானே சொன்னே?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும்தான் சொன்னாள். எலுமிச்சம்பழம் வேறு நறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு வலது டப்பாவைச் சந்தேகமாகப் பார்த்தாள். எட்டி நின்று மோந்தாள். ஒரு அடி கிட்டே வந்தாள். பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். இன்னொன்றும் எடுத்தாள். "மோட்டார் போடுங்க" என்று சொல்லிவிட்டு டப்பாவையே தூக்கிக்கொண்டு மாடிக்கு நடந்தவளை, சின்னவள் கெஞ்சிக் கூத்தாடி நிறுத்தி டப்பாவை மீட்டாள்.

அத்தான் அசரவில்லை. "மசக்கைக்காரி மூக்கை நம்பித் தொழில் பண்ண முடியுமா?"

"முடியாதுதான் அத்தான்," என்றாள் சின்னவள். அவளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. "ஆனா நம்ம மூக்கையும் நம்ப முடியாது. நாமெல்லாம் இந்த வாடையிலேயே வருஷக்கணக்கா குடியிருக்கோம். வெளிமூக்கு வேணும். இன்னிக்கு கிளாஸ் இருக்கு. டப்பாவை அங்க கொண்டு போறேன்."

"நீயா? நீ போய் கண்ணடிச்சுச் சொல்லிக்கொடுப்பே. நானும் வர்றேன்."

அப்படித்தான் அன்று மாலை வகுப்பின் கடைசி வரிசையில், சின்ன நாற்காலியில் பெரிய உடம்பை நுழைத்துக்கொண்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். டப்பாக்களைத் தன் கையாலேயே இடம் மாற்றினார். தன் கையாலேயே வரிசை வரிசையாக நீட்டினார். சின்னவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லியிருந்தார்.

சுவரைப் பார்த்து நின்றவளுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மூடி திறக்கும் சத்தம். நாற்காலி பின்னுக்கு நகரும் சத்தம். "அய்யோ" என்று ஒரு குரல். "சார், இது சுவருக்கு அடிக்கிற பெயிண்டா?" என்று இன்னொரு குரல். யாரோ எழுந்துபோய்ச் சன்னலைத் திறந்தார்கள். அடுத்த டப்பா திறந்தது. இப்போது மெல்லும் சத்தம் கேட்டது.

"திரும்பிக்கலாமா?" என்று கேட்டாள். திரும்பினாள்.

அத்தான் வகுப்பின் நடுவில், மூடிய டப்பாவைக் கைக்குழந்தைபோல் நெஞ்சோடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். காலியாகிக்கொண்டிருந்தது மற்ற டப்பாதான்.

ஆசிரியை எழுந்து வந்தார். "இதைத் தயாரிச்சவர் யாருங்க?"

"அது... எங்க ஸ்பெஷல்," என்றார் அத்தான், ஏறக்குறைய கேட்காத குரலில்.

"நாளெல்லாம் ஒரே வாடையில இருந்தா மூக்கு அதையே நல்ல மணம்னு எடுத்துக்கும். உங்க தப்பில்ல. ஆனா மோந்து பார்க்கிற வேலையை இனி வேற யார்கிட்டயாவது விட்டுடுங்க." பிறகு சின்னவளைப் பார்த்து, "எத்தனை பேர் சோதிச்சாங்க, எந்தச் சூட்டுல வச்சே, எல்லாம் அடுத்த கிளாஸ்ல வந்து சொல்லணும்," என்றார்.

அடுத்த கிளாஸ் என்றதும் சின்னவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் டப்பாவைப் பார்த்தார்.

இருவரும் பேருந்து ஏறினார்கள். டப்பா அத்தான் மடியில் இருந்தது. பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்த ஒரு அம்மாள், இரண்டு நிறுத்தம் தாக்குப்பிடித்துவிட்டு முன்பக்கம் போய் நின்றுகொண்டார். அத்தான் அதையும் பார்த்தார்.

"நாளைக்கு வாளியை எங்கிட்ட கொடு," என்றார் கடைசியில். "தோலை நானே வாங்கியாறேன். அந்தப் பெரிய கடைக்குப் புதுசா ஒரு பெட்டி போட்டு அனுப்புவோம்."

"அப்ப பேக்கிங் மேசைக்கு, அத்தான்?"

"நான் உக்காந்துக்கிறேன். அங்க மூக்குக்கு வேலை கிடையாது."