இரண்டு கிலோ ட்ரிகர்

எங்கள் ஏர் ரைஃபிள் கிளப்பில் உறுப்பினர்கள் பதினான்கு பேர், துப்பாக்கி ஒன்று. ஆகவே ஒழுக்கம் தானாக வந்துவிட்டது. தேர்வு நாளில் நாற்பது குண்டுக்கு, நானூறில் முந்நூற்று நாற்பது புள்ளி எடுப்பவர் துப்பாக்கியோடு மாநிலப் போட்டிக்குப் போகலாம். மற்றவர்கள் கைதட்டலாம். ஒருவருக்கு மூன்று வாய்ப்புகள்தான்.

என் அக்கா ஜெர்சிக்கு இரண்டு முடிந்துவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் செய்யும் கம்பெனியில் ஆறு வருடமாக போல்ட் முடுக்குகிறாள். அங்கேயும் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவிதான். அமுக்கினால் சுற்றும், பச்சை விளக்கு எரியும், அடுத்த சீட் வந்துவிடும்.

"ட்ரிகர் கல்லு மாதிரி கீதுடா அமலா. இழுக்கறதுக்குள்ள குறி வலப்பக்கம் ஓடிப்போவுது."

நான் தண்டலத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. இயந்திர வடிவமைப்புத் தாளில் இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் கரையேறியவன் என்பதால் தைரியமாகப் பொறுப்பேற்றேன்.

என் வகுப்புத் தோழன் கோபிநாத்தின் அப்பாவுக்கு மண்ணூரில் லேத் பட்டறை. கிளப் துப்பாக்கியை அங்கே கொண்டுபோய், ட்ரிகரில் ஒரு பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனோம். இரண்டு கிலோவில்தான் விசை விட்டது. உள்ளே உரசும் கொக்கியைக் கண்ணாடியாய்த் தேய்த்தோம். ஒரு கிலோ ஆனது. ஜெர்சி சுட்டாள்: 318. அரைக் கிலோ: 311.

"துப்பாக்கி நல்லாவ நல்லாவ நீ கெட்டுக்கினே போறியேக்கா," என்றான் கோபிநாத்.

"வாய மூட்றா."

ஒரு வழி தப்பென்று தெரிந்தால் பொறியாளர்கள் அதே வழியில் இன்னும் கொஞ்ச தூரம் போவோம். இருநூறு கிராமுக்குக் கொண்டுவந்தோம். கோபிநாத் குண்டைப் போட்டு லீவரை மூடினான். மூடியதோடு சரி, ட்ரிகரை யாரும் தொடவில்லை. வெடித்தது.

எதிர்ச் சுவரில் 'விபத்தில்லா நாட்கள்: 212' என்ற பலகை. நடுவிலிருந்த 1-இல் ஓட்டை. கோபிநாத் எண்ணைத் துடைத்துவிட்டுச் சுழி போட்டான்.

"உங்கப்பா கேட்டா?"

"உண்மையத்தான எழுதிக்கீறேன்."

ஜெர்சி சிரிக்கவில்லை. "இப்பத்தான்டா நான் அங்க நின்னுக்கினு இருந்தேன்," என்றாள்.

வீட்டுக்கு வந்து டீ போட அடுப்பைத் திருகி லைட்டரை அமுக்கினாள். அமுக்கும்போதே பால் எடுக்கத் திரும்பிவிட்டாள். அடுப்பு பற்றவில்லை, கேஸ் வாடை வந்தது. ஓடிப்போய் அடைத்தவள் லைட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், நான் இப்ப இன்னா பண்ணேன்?"

"கேஸ வேஸ்ட் பண்ண."

"அமுக்கறப்பவே தலைய திருப்பிட்டேன். லைன்ல அப்டித்தான், மிச்சத்த வெளக்கு பாத்துக்கும். துப்பாக்கில ஏதுடா வெளக்கு? குண்டு கெளம்பறதுக்குள்ள நான் அடுத்த சீட்டுக்குப் போயிட்றேன்." கொஞ்சம் யோசித்தாள். "ட்ரிகர பழையபடி வெச்சுக் குடு."

"மூணு நாள் வேலக்கா!"

"லேசா இருந்தா வெரலு தானா லைனுக்குப் போயிடுது. அமுக்கறேன்னு எனக்கே தெரியணும்."

கிளப்பில் இருந்த உதிரிக் கொக்கியைப் பொருத்தினோம். பாட்டில் மறுபடி இரண்டு கிலோ காட்டியது. லீவரை இருபது முறை ஓங்கி மூடியும் தானாக விடவில்லை. மூன்று நாள் உழைத்து ஒரு துப்பாக்கியை இருந்தபடியே திருப்பித் தந்த பொறியாளர்கள் நாங்கள்.

தேர்வு நாள். நாற்பது குண்டுக்கும் சேர்த்து ஐம்பது நிமிடம். போன இரண்டு முறையும் இருபதில் முடித்துவிட்டுப் பெருமையாக வந்தவள், இம்முறை நாற்பத்தொன்பதாம் நிமிடத்தில் கடைசிக் குண்டைத் துப்பாக்கிக்குள் போட்டாள். அதுவரை 332. எட்டு வேண்டும்.

"டைம் ஆவுது பாப்பா," என்றார் கிளப் செயலாளர் லூர்துராஜ்.

அவள் விரல் அசைவதே தெரியவில்லை. சுட்டாள். துப்பாக்கியை இறக்கவில்லை. கன்னம் கட்டையில், கண் குறியில்.

"முடிஞ்சிச்சுக்கா. எறக்கு," என்றேன்.

"இர்ரா. பாத்துக்கினு கீறேன்."

லூர்துராஜ் அட்டையைக் கொண்டுவந்தார். ஒன்பது. நம்பாமல் எல்லாவற்றையும் இன்னொரு முறை கூட்டினார். முந்நூற்று நாற்பத்தொன்று.

அதற்கப்புறம்தான் அவள் துப்பாக்கியை இறக்கினாள்.