நங்கூரத்தில் ஒட்டிய சீட்டு

பாய்மரத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே நீல மார்க்கர் கிறீச்சிட்டு வறண்டுபோனது. அவள் பையைத் துழாவி இன்னொன்றை எடுத்தாள். வெள்ளைப் பலகை முழுக்க ஒரு கப்பல்; பின்னால் காற்று, அடியில் நங்கூரம், எதிரே மூன்று பாறைகள். மேசையில் ஏழு காகிதத் தொப்பிகள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழு தன் வேலையைத் திரும்பிப் பார்க்கிற ரெட்ரோ கூட்டத்தை நடத்துவது அவள் பொறுப்பு. பேனாவும் கையுமாகவே அலைவதால் அலுவலகத்தில் அவள் பெயர் ஸ்கெட்ச் அக்கா. சும்மா பேசச் சொன்னால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அதனால் ஒரு தடவை சர்க்கஸ், ஒரு தடவை விண்வெளி, இன்றைக்குக் கப்பல். நம்மைத் தள்ளிவிட்ட காற்று எது, இழுத்துப் பிடித்த நங்கூரம் எது, இனி மோதப்போகும் பாறை எது என்று சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது.

இந்த முறை விளையாட்டு வேண்டும் என்று கேட்டவர் மேனேஜர். அதுதான் உறுத்தியது.

அவர்கள் செய்வது முதியவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி. போன வாரம் வெளியிட்ட பதிப்பு சிலருக்கு ஒரே நினைவூட்டலை இரண்டு முறை அனுப்பிவிட்டது. ஒரு பெரியவர் இரண்டு முறையும் மாத்திரை போட்டு மயங்கி விழுந்து, நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தார். மேலிடம் காரணம் கேட்டது.

காலையில் காபி இயந்திரத்தருகே மேனேஜர் அவளை மடக்கினார்.

"ஜாலியா நடத்துங்க. தொப்பி கிப்பி எல்லாம் வைங்க. கடைசியில நங்கூரத்துக்கிட்ட, டெஸ்டிங்ல கோட்டை விட்டோம்னு ஒரு சீட்டு வந்தா போதும். டீமே சொன்ன மாதிரி இருக்கும். போட்டோ எடுத்து மேல அனுப்பிடறேன்."

"யாரும் எழுதலைன்னா சார்?"

"நீங்க எழுதுங்க. யாரு எழுதினதுன்னுதான் கேக்கக் கூடாதே!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "உங்க காண்ட்ராக்டை நீட்டிக்கிற ஃபைல் என் மேசையிலதான் இருக்கு. நான் பாத்துக்கறேன்."

கோட்டை விட்டது யார் என்று அவளுக்குத் தெரியும். வெளியீட்டுக்கு முந்தைய கூட்டத்தில், செயலியைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண் கெஞ்சாத குறை. 'ரெண்டு தடவை அடிக்குது சார், ஒரு வாரம் குடுங்க.' தேதி கொடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்று மேனேஜர் லேப்டாப்பைப் பட்டென்று மூடினார். அறையிலிருந்த அத்தனை பேரும் மேசையைப் பார்த்தார்கள். அவளும்தான்.

மதியம் கணவனுக்கு போன் போட்டாள். மூன்று மாதமாக வேலை தேடி அலைந்துகொண்டிருக்கும் மனுஷன். முழுதும் கேட்டுவிட்டு, "இந்த ஒரு தடவை கண்டுக்காம விட்டுடேன்" என்றான். அப்புறம் அவனே கேட்டான்: "அது உன்கூட உக்காந்து சாப்பிடற பொண்ணுதானே?"

"ஆமா."

"சரி. நான் ஒண்ணும் சொல்லலை. நீ பாத்துக்கோ."

மூன்று மணிக்கு எல்லோரும் வந்தார்கள். டெஸ்டர் கடைசியாக வந்து, தொப்பியைத் தலையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். வழக்கமாக இந்தப் பக்கமே வராத மேனேஜர், தொப்பியும் போனுமாகப் பின்வரிசையில். காற்றுப் பக்கம் சீட்டுகள் விழுந்தன: ஒற்றுமை, உற்சாகம், நல்ல காபி. நங்கூரத்தின் பக்கம் ஈ காக்கை இல்லை.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நீங்களே ஆரம்பிச்சு வைங்களேன்."

அவள் ஒட்டுச் சீட்டுக் கட்டை எடுத்தாள். சர்க்கஸ், ராக்கெட், தொப்பி என்று இத்தனை நாள் வேஷம் கட்டியதெல்லாம் உண்மையைச் சொல்ல வைக்கவா, வலிக்காமல் மறைக்கவா? கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'டெஸ்டர் ஒரு வாரம் கேட்டார். மேனேஜர் கொடுக்கவில்லை. நான் பேசாமல் இருந்தேன்.' அடியில் தன் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டு, நங்கூரத்தின் மேல் அழுத்தி ஒட்டினாள்.

"இது யாரையும் குத்தம் சொல்ற இடம் இல்லை. எடுங்க அதை" என்று மேனேஜர் எழுந்தார்.

"போட்டோ எடுக்கணும்னீங்களே சார். எடுங்க. வெளிச்சம் பத்தலைன்னா லைட்டைப் போடறேன்."

அவர் விறுவிறுவென்று வந்து சீட்டைப் பிய்த்துக் கசக்கினார். அவள் அடுத்ததில் அதே மூன்று வரியை எழுதினாள். அதையும் பிய்த்தார்.

"கட்டுல நூறு இருக்கு சார். எனக்கு அவசரம் இல்லை."

நாற்காலி ஒன்று கிறீச்சென்று நகர்ந்தது. குழுவில் 'மௌனசாமி' என்று பெயரெடுத்த புரோகிராமர். "அக்கா, எனக்கு ஒரு சீட்டு குடுங்க. ரெண்டு தடவை அடிச்ச அந்த புரோகிராம் நான் எழுதினது. அவ சொன்னப்ப நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்." அவன் எழுதினான், பெயரும் போட்டான். அடுத்து ஒரு கை நீண்டது.

"நாளைக்குப் பேசிக்கலாம். எல்லாருகிட்டயும்தான்" என்று மேனேஜர் கதவை அறைந்துவிட்டுப் போனார். தலையில் தொப்பி இருப்பதை மறந்து தாழ்வாரத்தைக் கடந்தவரைப் பார்த்து, இரண்டு பேருக்குச் சிரிப்பு பீறிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நாளைக்கு அந்த ஃபைல் என்ன ஆகும் என்று தெரியவில்லை. சொன்னது சொன்னதுதான்.

அப்போதுதான் டெஸ்டர் வாயைத் திறந்தாள். "நான் அந்தப் பெரியவரை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன். உங்க யாருகிட்டயும் சொல்லலை."

நான்கு மணி. அறையை அடுத்துப் பதிவு செய்திருந்தவர்கள் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்று, விரலால் தட்டினார்கள்.

"அவரு என்னைப் பாத்து முதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? 'நான்தான் மறந்துபோய் ரெண்டு தடவை போட்டுட்டேனாம்மா?'ன்னு."

மறுபடியும் தட்டினார்கள், இந்த முறை விரல் முட்டியால். கண்ணாடி அதிர்ந்தது. உள்ளே ஒரு தலைகூடத் திரும்பவில்லை.