யாத்திரைக்கு ஒரு வான்

புனிதமலர் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. அதனால்தானோ என்னவோ, சொன்ன ஒரு பொய்யையும் அளவுக்கு மீறிச் சொல்லிவிட்டாள். பூசை முடிந்து கோவில் வாசலில் நின்ற றொஜரைப் பிடித்து, "யாத்திரை போறதுக்கு, படுத்துச் சமைக்கிற மாதிரி ஒரு கேம்பர் வான் வாங்கப்போறம் தம்பி. உனக்குத்தானே வாகனம் தெரியும், ஒருக்கா வந்து பார்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிராக்குசா மாதா, லூர்து மாதா, உடம்பு இடம் கொடுத்தால் பாத்திமா மாதா என்று அவன் கேட்காததையும் அடுக்கினாள். ஒரு பொய்க்கு எத்தனை மாதாக்கள்? ஒருவர் போதாதா?

உண்மை இதுதான். பலெர்மோ நகரின் கபோ சந்தைக்குப் பின்னால் அவளும் புருசன் ஸ்ரனிஸ்லாசும் இத்தனை காலம் குடியிருந்த வீட்டை, சொந்தக்காரன் உல்லாசப் பயணிகளுக்கு விடப்போகிறான். மாத முடிவில் வெளியேற வேண்டும். வேறு வீடு தேடி அலைந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். தொலைபேசியில் "வீடு இருக்கிறது, வாருங்கள்" என்பார்கள்; ஆளைக் கண்டதும் "இப்போதுதான் கொடுத்துவிட்டோம்" என்பார்கள். கடைசியில் ஸ்ரனிஸ்லாஸ்தான் இந்த யோசனையைக் கொண்டுவந்தான். அவனுக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் சமையலறை வேலை. "அங்கை கன வெள்ளையள் வானுக்குள்ளைதான் சீவிக்குதுகள். நாங்களும் இருப்பம்" என்றான். வெள்ளைக்காரன் வானுக்குள் குடியிருந்தால் அதற்குச் சுதந்திரம் என்று பெயர். நாங்கள் குடியிருந்தால் என்ன பெயர் என்று புனிதமலருக்கு நன்றாகத் தெரியும்.

அவள் ஒருவருக்கும் தெரியாத ஆளாக இருந்திருந்தாலும் பரவாயில்லை. பலெர்மோவில் வந்திறங்கிய எங்கள் தமிழ் ஆட்களில் பாதிப் பேர் முதல் சோறு தின்றது அவள் வீட்டில்தான். றொஜரே அவள் குசினியில் பாய் போட்டுப் படுத்து எழும்பியவன். அந்த றொஜருக்கு விசயம் தெரிந்தால் அவன் மனைவி கிளறாவுக்குத் தெரியும். கிளறாவுக்குத் தெரிந்தால் அடுத்த பூசைக்கு முன்பே கோவில் பங்குச் சனம் முழுவதற்கும் தெரியும். மிலானில் படிக்கும் மகள் மொனிகாவுக்குக்கூட அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் வேறு வழி ஏது? ஓட்டை வானைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றால் அதற்குப் பிறகு தெருதான்.

வான் நகருக்கு வெளியே சியாகுல்லியில், ஒரு மண்டரின் தோடம்பழத் தோட்டத்துக்குள் நின்றது. விற்கிறவர் சால்வோ என்ற கிழவர். நல்ல தொந்தி, பெரிய குரல். அவர் மனைவி அப்பால் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். றொஜர் வந்த வேகத்தில் வானுக்கு அடியில் புகுந்தான். துருவைச் சுரண்டினான், டயரை உதைத்தான், எஞ்சினை முடுக்கிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டான். எழும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"சாமான் திறம் அக்கா. யாத்திரைக்கு இது காணும்."

அதோடு விட்டானா? அக்காவுக்கு மலிவாக முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அவனுக்கு. கிழவரோடு இத்தாலிய மொழியில் பேரம் பேசத் தொடங்கினான். வருசத்தில் இரண்டு தரம் கோவிலுக்குப் போய் வருகிறவர்களுக்கு ஹீற்றர் எதற்கு? குளிர்காலத்தில் யார் யாத்திரை போகிறார்கள்? அதைக் கழற்றி நீங்களே வைத்துக்கொண்டு விலையைக் குறையுங்கள். கூரையிலுள்ள சூரியத் தகடும் வேண்டாம். இரண்டாவது தண்ணீர்த் தாங்கியும் வேண்டாம், வீண் பாரம். கிழவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

புனிதமலர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய மார்கழியும் தையும் கண் முன்னாலே கழன்று போயின. "ஹீற்றர் கிடக்கட்டும் தம்பி" என்று சொல்ல வாய் உன்னியது. சொன்னால் ஏன் என்று கேட்பான். கேட்டால் என்ன சொல்வது?

"ஏனக்கா ஒரு மாதிரி நிக்கிறீங்கள்? பிடிக்கேல்லையோ?"

"பிடிச்சிருக்கு. நீ கதை, நான் உள்ளுக்கை பாத்திட்டு வாறன்."

கிழவர் ஸ்பானர் எடுக்கப் போனார். றொஜர் இன்னொரு முறை எஞ்சினுக்குள் தலையை விட்டான். புனிதமலர் பின்பக்கமாகப் போய் வானுக்குள் ஏறினாள்.

உள்ளே போனதும் அவள் தன்னை மறந்துபோனாள். இந்தத் தட்டில் அரிசி வாளி நிற்கும். இந்த மூலையில் மாதா படம். கட்டில் ஸ்ரனிஸ்லாசுக்குக் கட்டை, காலை மடக்கித்தான் படுக்க வேண்டும், படுக்கட்டும். குழாயைத் திறந்து பார்த்தாள், தண்ணீர் வந்தது. துணியொன்று கிடந்தது, அதை நனைத்து அடுப்பு மேடையைத் துடைத்தாள். அடுத்தவன் வான் என்ற நினைப்பே இல்லை. சின்ன இடம்தான், ஆனால் போ என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்த ஒரு நினைப்புக்காகவே அவளுக்கு அழுகை வந்தது.

"அக்கா" என்று றொஜரின் குரல் கேட்டது.

அவன் ஏறுவதற்காக ஒரு காலைப் படியில் வைத்தபடி அப்படியே நின்றான். கண் கீழே நிலத்தில் இருந்தது. புனிதமலரும் எட்டிப் பார்த்தாள். அவளுடைய செருப்பு இரண்டும் படியடியில் சோடியாகக் கிடந்தன.

எப்போது கழற்றினாள்? அவளுக்கே தெரியாது. விலை பேசப்போன வாகனத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிற ஆள் உலகத்தில் உண்டா? பஸ்ஸில் ஏறும்போது கழற்றுகிறோமா? வீட்டு வாசலில்தான் கழற்றுவோம். அது எங்களுக்குச் சொல்லித் தெரியத் தேவையில்லை, றொஜருக்கும் தேவைப்படவில்லை.

"தரை துப்பரவாக் கிடந்துது, அதுதான்..." என்றாள். குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

அவன் அவள் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தான். துடைத்த அடுப்பு மேடையைப் பார்த்தான். பிறகு குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினான். அவன் ஏசியிருக்கலாம், எத்தனையோ கேள்வி கேட்டிருக்கலாம். அந்தச் சப்பாத்தைக் கழற்றியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நிலம் பிளந்து தன்னை விழுங்காதா என்று நின்றாள்.

கிழவர் ஸ்பானரோடு வந்தார்.

"கழற்ற வேண்டாம் சிஞ்ஞோர்" என்றான் றொஜர். "ஹீற்றர், தண்ணீர்த் தாங்கி, தகடு, எல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"யாத்திரைக்கு எதற்கு என்று நீதானே கேட்டாய்?"

"யாத்திரை எல்லாம் பொய். வான் எனக்குத்தான். நான்தான் இதில் குடியிருக்கப்போகிறேன். மனைவி வீட்டைவிட்டுத் துரத்திவிட்டாள். வெட்கத்தில் இந்த அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்."

கிழவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "இவனை மனைவி துரத்திவிட்டாளாம், வந்து பார்" என்று கொடியடியில் நின்ற மனைவியைக் கூப்பிட்டார். அவளும் ஈரக் கையோடு வந்து றொஜரை மேலும் கீழும் பார்த்தாள். அவன் சப்பாத்தில்லாமல், விரல் தெரியும் காலுறையோடு நின்று பல்லைக் காட்டினான்.

புனிதமலருக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்து என்ன பயன்? அப்பாடா, தப்பினேன் என்றுதான் அவள் மனம் சொன்னது.

கிழவர் விடவில்லை. றொஜரின் தோளில் தட்டி, "இந்த வயதில் தலைக்கு மேலே ஒரு கூரையில்லாமல் நிற்கிறாயே. நீயெல்லாம் என்ன ஆள்? இத்தனை காலம் இந்த நாட்டில் என்னதான் செய்தாய்?" என்று கேட்டார்.

எவர் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று இத்தனை நாளும் அவள் பயந்திருந்த கேள்வி அதுதான். வந்துவிட்டது. ஆனால் வந்து விழுந்தது றொஜர் மேல். அவன் தலையைக் குனிந்து, அது தனக்குரியது என்பதுபோல வாங்கிக்கொண்டு நின்றான். தப்பினேன் என்று மகிழ்ந்த மனத்தை நினைக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீடு போனதற்கு அவள் வெட்கப்பட்டாள்தான். இதற்குப் பட்ட வெட்கத்தோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை.

வெறுங்காலோடு படியிறங்கி வந்தாள்.

"அவன் பொய் சொல்கிறான், சிஞ்ஞோர். அவனுக்கு வீடு இருக்கிறது, நல்ல மனைவியும் இருக்கிறாள். வீடில்லாதவள் நான். இதில் குடியிருக்கப்போவது நானும் என் புருசனும்."

கிழவரின் சிரிப்பு நின்றது. அவர் மனைவி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். புனிதமலருக்குக் காது மடல்வரை சுட்டது. உண்மை சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். அவளுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

"நான் கிளறாவுக்குச் சொல்லமாட்டன் அக்கா" என்றான் றொஜர் மெல்ல. "மாதா மேலை சத்தியம்."

"சொல்லு தம்பி" என்றாள் அவள். "இண்டைக்கே போய்ச் சொல்லு. இல்லாட்டி ஒவ்வொருத்தருக்கும் நான்தான் என்ரை வாயாலை சொல்லவேணும்."