அவர் மட்டும் அறிந்த எண்கள்

கைபேசியில் பணம் போடவும் எடுக்கவும் தெருவே எங்கள் கடைக்குத்தான் வரும். மருந்துக்கடைக்கும் சலவைக்கடைக்கும் நடுவே, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்க மட்டுமே இடமிருக்கும். கணவர் இறந்த பிறகு கடையைப் பூட்டியே வைத்திருந்தேன்.

உரிமம் அவர் பெயரில் இருந்தது. என் பெயருக்கு மாற்ற மனுப் போட்டிருந்தேன். கேட்பாரில்லாமல் வளர்ந்த தொழில். ஏமாற்று வேலை பெருகியதும் சட்டம் இறுகியது. வாடிக்கையாளரின் ரகசிய எண் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால் உரிமம் கிடையாது.

சோதிக்க ஒரு பெண் அலுவலர் வந்தார். ஷட்டர் ஏறியதைப் பார்த்ததும் தையற்கார அக்காவும் வந்துவிட்டார். கைபேசியை என் கையில் திணித்தார்.

"பணம் எடுக்கணும்மா. நம்பரைத் தட்டிக்கோ."

"என்ன நம்பர்க்கா?"

"எனக்கென்ன தெரியும்? உன் வீட்டுக்காரர் போட்டது. அவர்தானே எப்பவும் தட்டுவார்."

அலுவலர் எழுதுவதை நிறுத்தினார். கைபேசியை அக்காவிடமே திருப்பி நீட்டினேன்.

அக்காவின் பின்னால், வாசலிலிருந்து சைக்கிள் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். "எனக்கும் அவர்தான் போட்டார். கல்யாண நாளே ஞாபகம் இல்லாத மனுஷன் நீ, நம்பரை அவர்கிட்டயே விட்டுடுன்னு என் பொண்டாட்டி சொன்னா."

வாயை மூடுங்கள் என்று சொல்லவா முடியும்?

"உங்களுக்கு அந்த நம்பரெல்லாம் தெரியுமாம்மா?" என்றார் அலுவலர்.

"தெரியாது. அவர் ஜுரமா படுத்திருந்தப்போ கேட்டேன், நான் போய்க் கடையைப் பார்த்துக்கறேன்னு. அது அவங்க சொத்து, உனக்கெதுக்குன்னு திரும்பிப் படுத்துக்கிட்டார்."

தெருவின் எண்களையெல்லாம் வைத்திருந்தவர் என்னை மட்டும் நம்பவில்லையே என்று அன்று முழுக்க நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பொண்டாட்டிக்கே சொல்லாம போயிட்டாரா?" அக்கா வாயைப் பிளந்தார். "அப்போ என் பணம்?"

"பத்திரமா இருக்கு. கைரேகை வெச்சா புது நம்பர் நீங்களே போட்டுக்கலாம்," என்ற அலுவலர், தன் மடிக்கணினியில் தெருக்காரர்களின் கணக்குகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அவர் போனதுக்கப்புறம் இந்தக் கணக்கெல்லாம் அசையவே இல்லை. நீங்க சொல்றது சரிதான். அவர் செஞ்சது தப்பு, அதை நான் எழுதித்தான் ஆகணும். உங்களுக்கு நம்பர் தெரியாததால உரிமம் உங்க பேருக்கு வரும்."

தப்புதான். ஆனாலும் அவர் அன்று திரும்பிப் படுத்த முதுகின் மேல் இருந்த கோபம் அந்த நிமிடம் இறங்கியது.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்கம்மா," என்றார் அலுவலர்.

சுவரைப் பார்த்து நின்றேன். அக்கா முணுமுணுத்துக்கொண்டே தட்டினார். சத்தமாகச் சொல்லாதீர்கள் என்று அலுவலர் அதட்டினார். அடுத்து சைக்கிள் கடைக்காரர்.

"போட்டாச்சு தங்கச்சி. சாயங்காலத்துக்குள்ள மறந்துடுவேன். உன் காதுல மட்டும் சொல்லி வைக்கட்டுமா?"

"மறந்தா மறுபடி வந்து ரேகை வைங்கண்ணே. என்கிட்ட சொல்லாதீங்க," என்றேன், திரும்பாமலே.