இல்லைதானேப்பா

மாடிப்படித் திருப்பத்தில் நின்று அவன் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தபோது மேல் வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு ஏறி வந்தார். பனியனோடு சுவரோரம் ஒண்டி நின்று வழிவிட்டான். காற்சட்டைப் பைகள் இரண்டும் உள்பக்கம் வெளியே தெரிய நாயின் காதுகளைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன சார், வீட்டுல தினமும் சோதனை போடுறாங்களா?"

"வேலைத் தூசு சார். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, அதான்."

மேல் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவனும் சிரித்தான். அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் சிரிப்பு தானாகக் கழன்று விழுந்தது. இந்தப் பக்கம் தன் வீட்டுக் கதவு விரலளவு திறந்திருந்தது. அந்த இடுக்கில் மகளின் ஒரு கண்.

"காலர் மடிப்பை உதறலப்பா."

உதறினான்.

"மறுபடியும்பா. ப்ளீஸ்."

அவனுக்குக் கண்ணாடி வெட்டும் வேலை. ஜன்னலுக்கும் மேசைக்கும் அலமாரிக்கும் அளவெடுத்து வெட்டிக் கொடுக்கும் கடையில் படிக்கிற வயதிலேயே சேர்ந்தவன். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு மாலை, அவனுடைய காற்சட்டையின் கால் மடிப்பில் ஒரு சில்லு தங்கி வீடுவரை வந்துவிட்டது. அரிசிக் குருணை அளவு இருக்கும். வீட்டில் எல்லோரும் வாண்டு என்று கூப்பிடும் சின்னவன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். உள்ளங்கையில் ஏறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், ஊரைக் கூட்டும் அழுகை, கொஞ்சம் மருந்து, அவ்வளவுதான். மறுநாள் வாண்டுவுக்கே ஞாபகமில்லை. அந்த நேரம் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உட்காரவைக்கப்பட்டிருந்தவள் மகள். அப்போது அவளுக்குப் பதினோரு வயது. அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நீ என்னடா பண்ணுவ, அப்பா கொண்டுவந்தது" என்று அவனே சமாதானம் சொன்னான். அவள் அழவும் இல்லை. எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தாள்.

அதற்குப் பிறகு வீடு பளிச்சென்று ஆனது. பள்ளி விட்டு வந்ததும் கூடத்தைப் பெருக்கிவிட்டுத்தான் பையையே இறக்கி வைப்பாள். துணிக்கடையில் பில் போடும் வேலை முடிந்து கால் கடுக்க வந்து சேரும் அவள் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. "என் பொண்ணு மாதிரி பொறுப்பு யாருக்கும் வராது" என்று உடன் வேலை பார்ப்பவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அவள் தங்கை, பிள்ளைகளுக்குச் சித்தி, தன் வீட்டுச் சோம்பேறியை இங்கே ஒரு மாதம் விட்டுவைக்கட்டுமா என்று கேட்டுச் சிரித்தாள்.

அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. கடையில் வெட்டு மேசையைச் சுத்தம் செய்யும்போது செய்கிற ஒரு வித்தையை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தான். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடித்தால், கண்ணுக்குத் தெரியாத சில்லுகூட மின்னும். இருவரும் கன்னத்தைத் தரையில் பதித்துப் படுத்துப் பார்த்தார்கள். சர்க்கரைத் துணுக்கு ஒன்று மின்னியது. அவன் அதை எடுத்து வாயில் போட்டுச் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை அவன் அன்றைக்கே கவனித்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளின் முகத்தில் வருவதையெல்லாம் நிறுத்திவைத்துப் படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

கேள்வி எப்போது ஆரம்பித்தது என்று இப்போது யோசித்தால் பிடிபடவில்லை. "அப்பா, கண்ணாடி இல்லைதானேப்பா?" தூங்கப் போகும்முன் கேட்பாள். "இல்லடா" என்பான். அவள் முகம் தளர்ந்து சாதாரணமாகும். ஒரு சொல்லால் பிள்ளையின் முகத்தை இப்படி மாற்ற முடிகிறதே என்று அவனுக்கு உள்ளூர ஒரு நிறைவுகூட இருந்தது. பிறகு சாப்பிடும்போதும் கேட்டாள். தண்ணீர் குடிக்கும்போது கேட்டாள். பதில் சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க வேண்டும் என்றானது. பாதியில் கொட்டாவி விட்டால் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து. அம்மாவும் கூடச் சேர்ந்து சொல்ல வேண்டும். இருவரும் ஒரே குரலில், பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி, "இல்லை" என்பார்கள். பெற்றவர்கள் தங்களைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொண்ட காலமும் இருந்தது. எந்த நாளில் அந்தச் சிரிப்பு நின்றது என்பதும் நினைவில்லை.

ஒரு நாள் வாண்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினான். அவள் பின்னால் நகர்ந்தாள். அவன் இன்னும் கிட்டே போனான். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "தூக்கும்மா, அவனைத் தூக்கும்மா!" என்று அலறினாள். தன் பாவாடையில், நகத்தில், தலைமுடியில் ஏதாவது ஒட்டியிருந்தால் தம்பிக்குப் போய்விடுமாம். பிறந்ததிலிருந்து அவனை இடுப்பிலிருந்து இறக்காமல் சுமந்தவள். எந்நேரமும் தூக்கிவைத்துக்கொண்டு இடுப்பே ஒரு பக்கம் கோணிவிட்டது என்று சித்தி கேலி செய்வாள். வாண்டு நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்று, பிறகு அழ ஆரம்பித்தான். அவளும் அழுதாள். அவர்களுக்கு நடுவில் கூடத்தின் வெறும் தரை.

அன்றைக்கு அவன் முடிவெடுத்தான். இது தன் தொழில் கொண்டுவந்த வினை, தான்தான் தீர்க்க வேண்டும். முதலாளியிடம் விடுப்புக் கேட்டான். "கையைக் கிழிச்சுக்கிட்டப்பகூட மறுநாள் வந்து நின்னவன்டா நீ" என்று அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றான். யாருக்கு என்று சொல்லவில்லை.

வீட்டிலிருந்த கண்ணாடியையெல்லாம் அப்புறப்படுத்தினான். டம்ளர், ஊறுகாய் பாட்டில், படங்களின் சட்டம், சுவரில் தொங்கிய முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் போயின. மனைவி தன் முகத்தைத் துணிக்கடையில், உடை மாற்றிப் பார்க்கும் அறையில் பார்த்துக்கொண்டாள். மகள் தடவித் தடவிப் பின்னிக்கொண்டு கோணல் வகிடோடு பள்ளிக்குப் போனாள். அவன் வீட்டிலேயே கிடந்தான். உதற வேண்டிய சட்டை இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் நிம்மதியாகப் போயிற்று. மனைவிகூட, "இவ்வளவுதானா விஷயம், இதை முன்னமே செஞ்சிருக்கலாமேங்க" என்றாள்.

அதன்பிறகு ஒரு மத்தியானம், மகள் பள்ளியிலிருந்து பாதித் தேர்வில் எழுந்து வந்துவிட்டாள். வாசலில் மூச்சு வாங்க நின்றாள்.

"அப்பா, நம்ம வீட்டு பல்பு கண்ணாடிதானே?"

"அது மேல இருக்குடா."

"வெடிச்சா? தம்பி பாலுக்குள்ள விழுந்தா? நாம பார்க்காதப்ப விழுந்து கலந்திருந்தா?"

பல்பையும் கழற்றலாம். அப்புறம் ஜன்னல் இருக்கிறது. அப்புறம் தெருவில் போகிற வண்டிகள் இருக்கின்றன. இது கண்ணாடியைப் பற்றியதே இல்லை என்று கண்ணாடியிலேயே காலம் தள்ளியவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் வேறு எது இருந்திருந்தாலும் இப்படித்தான் வளர்ந்திருக்கும். ஒவ்வொரு "இல்லடா"வையும் தின்றுதான் இது இவ்வளவு பெரிதாகியிருக்கிறது.

பள்ளியிலிருந்து ஆசிரியை ஒருத்தி சொல்லி அனுப்பிய மருத்துவமனைக்கு மூவரும் போனார்கள். வாண்டுவைச் சித்தியிடம் விட்டிருந்தார்கள். "பைத்தியத்துக்குப் பார்க்கிற இடத்துக்கா பிள்ளையைக் கூட்டிட்டுப் போறீங்க? வயசு அப்படி, தானா சரியாயிடும்" என்று சித்தி வாசலிலேயே மடக்கியபோது மனைவி வாண்டுவை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தாள். மருத்துவமனை நடையில் பிள்ளைகள் வரைந்த படங்கள் ஒட்டியிருந்தன. மகள் நாற்காலியில் உட்காருமுன் அதை உள்ளங்கையால் தடவிப் பார்த்ததை எதிரே இருந்த டாக்டர் பார்த்தாள். சின்ன வயதுக்காரி. கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருக்கத் தெரிந்தவள்.

"கண்ணாடி இருக்குன்னு நிஜமாவே தோணுதாம்மா உனக்கு?"

மகள் தரையைப் பார்த்தாள். "இல்லைன்னு எனக்கே தெரியும் டாக்டர். ஆனா மண்டைக்குள்ள ஒண்ணு நம்ப மாட்டேங்குது."

"அது வேற என்ன சொல்லுது?"

அவள் தன் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நானே போட்டுருவேன்னு சொல்லுது. தம்பி சாப்பாட்டுல. எனக்கே தெரியாம போட்டுருவேன்னு."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாள் இதை உள்ளே வைத்துக்கொண்டா இந்தப் பிள்ளை தினமும் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தாள்?

டாக்டர் மட்டும் திடுக்கிடவில்லை. ஏதோ பள்ளிக்கூட விஷயம் கேட்டது மாதிரி தலையாட்டினாள். "இது நிறையப் பிள்ளைங்களுக்கு வரும். தம்பி மேல உயிரா இருக்கிறவங்களுக்குத்தான் இப்படி வரும். நினைப்பு வர்றதால நீ கெட்டவ ஆயிட மாட்ட." மகள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு டாக்டர் இவர்கள் பக்கம் திரும்பி, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டாள். அவன் இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். மனைவி அவனையே பார்த்தாள். வாசல் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை போய்த் திரும்பி வருகிறவன். வெட்டுமுன் திரும்பத் திரும்ப அளந்து, கடையில் 'மறு அளவு' என்று பட்டப்பெயர் வாங்கியவன். அது வேலைச் சுத்தம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

"கொஞ்சம்... எனக்கு இருக்கலாம்" என்றான்.

"அது உங்க தப்பு இல்ல. இனிமே அவ கேட்டா 'இல்லை'ன்னு சொல்லாதீங்க. 'இருக்கு'ன்னும் வேண்டாம். தெரியலன்னு சொல்லுங்க. அந்தப் பயத்தோட அவ கொஞ்ச நேரம் இருந்து பழகணும். நாம நாலு பேரும் பேசி, சின்னதா ஆரம்பிப்போம்."

"ஒரே ஒரு வார்த்தை டாக்டர். அதைச் சொன்னா பிள்ளை நிம்மதியாத் தூங்குது. அதைக்கூடக் குடுக்கக் கூடாதா?"

"எவ்வளவு நேரம் தாங்குது அந்த நிம்மதி?"

மகள்தான் சொன்னாள். "அப்பா வாயை மூடுறதுக்குள்ள போயிடும்."

எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதை அவளையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பெருக்காத கூடத்தில் தம்பி ஒரு தடவை வெறுங்காலோடு நடக்க வேண்டும், தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு மூன்று முறை தள்ளிப்போட்டாள். இதற்குள் அவனும் கடை வேலைக்குத் திரும்பியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் கேட்காமலே, "இப்பப் பண்ணலாமா?" என்று வந்து நின்றாள்.

ஜன்னல் வழியாக வெயில் கூடத்தில் நீளமாக விழுந்திருந்தது. துடைப்பம் குளியலறைக்குள். மனைவி வாண்டுவைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடியில் நின்றாள். இந்தக் கோடியில் அவனும் மகளும். வெயிலில் தூசு மிதந்தது. தரையில் அங்கங்கே எதுவெதுவோ மினுக்கியது. மினுக்குவதையெல்லாம் அவனும் பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. நேற்றுச் சட்டையைச் சரியாக உதறினேனா? காலர்? அவன் உள்ளங்கை வியர்த்தது. மகள் தன் கையை அதற்குள் நுழைத்துக்கொண்டாள். அவள் கையும் வியர்த்திருந்தது.

"அப்பா. இல்லைதானேப்பா?"

அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவன் அதை விழுங்கினான்.

"தெரியலம்மா."

"ஒரே ஒரு தடவை. சும்மா சொல்லுப்பா. நான் டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேன்."

"தெரியலடா பாப்பா."

அவள் நகங்கள் அவன் புறங்கையில் இறங்கின. இப்படி ஒரு பலம் அவளுக்கு இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. "நீ கெட்ட அப்பா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. உதறிக்கொண்டு ஓடப்போகிறாள் என்று நினைத்தான். ஓடவில்லை. கண்ணை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு எதிர்ப்பக்கம் பார்த்து, கேட்டும் கேட்காத குரலில், "விடும்மா" என்றாள்.

மனைவி குனிந்து சின்னவனை இறக்கிவிட்டாள். அவனுக்கு எதுவும் தெரியாது. இன்றைக்கு எல்லோரும் தன்னையே பார்ப்பதில் குஷி. கொலுசு இல்லாத குண்டுக் கால்கள் தப்புத் தப்பென்று தரையில் விழ, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, வெயில் விழுந்த இடத்தின் வழியாக அக்காவைப் பார்த்து வந்துகொண்டிருந்தான்.