ரோமாபுரி வானத்தில் பதினான்கு

பித்தளைத் தகட்டில் 'எத்திராஜ் இல்லம்' என்ற எழுத்துகளுக்கு மேலே கடுகளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, புது வீட்டுக்கு அந்தப் பெயர்ப்பலகையை வாங்க வந்திருந்த வசந்தாம்மாவிடம் காட்டினேன்.

"இத எடுத்துக்காதீங்கம்மா. வேற போட்டுத் தரேன்."

"இன்னா ஆச்சு இதுக்கு?"

தகட்டின் மேல் ஒரு பூச்சு பூசுவோம். எழுத்து வரவேண்டிய இடத்தில் மட்டும் பூச்சை நீக்கி அமிலத்தில் போட்டால், அந்த இடம் அரித்துக் குழியாகும். பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அமிலம் அதையும் விடாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருடமாக அந்த ஓட்டைகளைத் தேடுவதுதான் என் வேலை. நன்றாக வந்த எழுத்தை என் கண் தாண்டிப் போய்விடும், ஓட்டையில் நின்றுவிடும். மனிதர்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேனோ என்று சில நாள் தோன்றும்.

வசந்தாம்மா என் லென்ஸை வாங்கி அந்தப் பள்ளத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இதே மாதிரி எங்க ஊட்ல ஒரு படத்துல கீதும்மா."

மறுநாள் வெள்ளானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் அந்தப் படத்தைப் பழைய புடவையில் சுற்றி எடுத்து வந்துவிட்டார். கறுப்பு மையில் அச்சான பழைய படம். பாதி இடிந்த வளைவுகள், அவற்றின் தலையில் முளைத்த செடிகள், தூணடியில் துணி காயப்போடும் ஒரு பெண். மேலே அகலமான வானத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள்.

அவர் கணவர் எத்திராஜ் ஆவடி ஃபேக்டரியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர். பூந்தமல்லியில் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது இதை வாங்கி வந்தாராம். போன தை மாதம் இறந்துவிட்டார்.

"ரோமாபுரினு சொல்லுவாரு. டூட்டி உட்டு வந்ததும் இது முன்னாடி நிப்பாரு. வானத்துல பதினாலு பறவ கீதுனு எண்ணுவாரு. பறவயும் இல்ல ஒண்ணும் இல்ல, ஈ பேண்டு வச்சிருக்குதுனு நான் சிரிப்பேன். ஒரு போகிக்கு, படத்தக் கழட்டி ஈரத்துணி போட்டுத் தொடச்சிட்டேன்."

படத்தின் மூலையில் பழுப்பாக ஒரு ஈரக்கறை.

"அன்னிக்கு எடுத்துக்கினு போயி பீரோ உள்ள வச்சாரு. அப்புறம் என்கிட்ட காட்டவே இல்ல. தனியா பாத்துக்குவாரு. நான் சொன்னது தப்புனு சொல்லும்மா. பறவனு சொல்லிடு, போதும்."

முதலாளி கஜபதி எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா தேவிப்பிரியா, நேம் பிளேட் கடையில ரோமாபுரி பஞ்சாயத்தா?"

படத்தைச் சுற்றி விரலை ஓட்டினேன். காகிதம் ஓரத்தில் லேசாக அமுங்கியிருந்தது. உலோகத் தகட்டை வைத்து அழுத்திய தடம். எந்தக் காலத்திலோ ஒருவன் எங்களைப் போலவே பூச்சு பூசி, ஊசியால் கீறி, தகட்டை அமிலத்தில் போட்டிருக்கிறான். அரித்த குழிகளில் மை நிரப்பிக் காகிதத்தில் ஒற்றியிருக்கிறான். வானத்துக்கு லென்ஸைக் கொண்டுபோனேன். முதல் புள்ளி உருண்டையாக, ஓரம் பிசிறாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. எனக்கு நன்றாகப் பழகிய உரு. கை தானாகச் சிவப்புப் பென்சிலை எடுத்திருந்தது. கீழே வைத்தேன்.

பறவை என்று சொல்லிவிடலாம். ஒரே ஒரு சொல். ஆனால் நேற்று இதே லென்ஸில் இவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டார்.

"ஈ இல்லம்மா. அதுல நீங்க சொன்னது தப்புதான்," என்றேன். "ஆனா பறவையும் இல்ல. அமிலம் செஞ்ச ஓட்டை."

கஜபதி சிரித்தார். "ரோமாபுரிலயும் ரிஜெக்‌ஷனா? அந்த ஆள நம்மகிட்ட அனுப்பு, வேலை போட்டுக் குடுப்போம்."

வசந்தாம்மா சிரிக்கவில்லை. "அப்போ இத்தினி வருசம் ஓட்டையவா எண்ணிக்கினு இருந்தாரு?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மறுபடி குனிந்து, மிச்சமிருந்ததையும் பார்த்தேன். ஒன்பது, பத்து, பதினொன்று. பன்னிரண்டாவதில் நின்றேன். அடுத்த இரண்டும் வெறும் ஓட்டை. லென்ஸை அவரிடமே நீட்டினேன்.

"வளைவுக்கு மேல, எடது பக்கம். நீங்களே பாருங்க."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அங்கேயும் நடுவில் ஓட்டைதான். ஆனால் அதன் இரு பக்கமும் ஊசியால் இழுத்த இரண்டு மெல்லிய கோடுகள் இருந்தன.

"றெக்கம்மா!"

"ஆமா. படம் போட்டவரு ஓட்டையப் பாத்துட்டு, அப்புறமா வரஞ்சிருக்காரு."

"ஒண்ணே ஒண்ணு." அவர் லென்ஸை எடுக்காமலே பேசினார். "எங்க ஊட்டு மனுசன் இதத்தான் மொதல்ல பாத்திருப்பாரு. பாத்துட்டு, மத்ததும் பறவதான்னு நெனச்சிக்கினாரு." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏன்மா, வரஞ்சவன் மத்த பதிமூணுக்கும் ஏன் றெக்க வக்கல?" என்றார்.

"தெரியலையேம்மா."

"கை வலிச்சிருக்குமா? இல்ல, ஒண்ணு போதும்னு உட்டுட்டானா?"

படத்தை மறுபடி புடவையில் சுற்றினார். பெயர்ப்பலகை நாளைக்கு ரெடியாகிவிடும் என்று கஜபதி சொன்னதைக் காதில் வாங்கினாரா தெரியவில்லை.

"புது ஊட்ல ஹால்லயே மாட்டப் போறேன். வர்றவங்கோ எண்ணட்டும்," என்றார். வாசலில் நின்று திரும்பி, "அந்த லென்ஸு எங்கம்மா கெடைக்கும்?" என்று கேட்டார்.